சின்னவள் வைத்த சட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை அடித்ததற்கு எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. நாளைக்கே திரும்பி வந்து நின்றாலும் அடிப்பேன். போலீஸ்காரரிடமும் இதையேதான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, இப்படியெல்லாம் பேசினால் கஷ்டம் உங்களுக்குத்தான் என்றார். கஷ்டம் வந்தால் வரட்டும், எழுதுங்கள் என்றேன். எனக்கு உறுத்துவது வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் சாப்பாட்டுக் கடை துறைமுகச் சுவரை ஒட்டி இருக்கிறது. பதினோரு மேசை, கடல் பக்கம் மூன்று ஜன்னல். எத்தனை தடவை துடைத்தாலும் உப்பு படிந்து கண்ணாடி மங்கலாகத்தான் இருக்கும். காற்று பலமாக அடிக்கிற நாளில் அலை சுவரில் மோதி, தண்ணீர் ஜன்னலில் வந்து பளார் பளாரென்று அறையும். புதிதாக வருகிறவர்கள் கையில் கரண்டியோடு திடுக்கிட்டுத் திரும்புவார்கள். வழக்கமாக வருகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்களிடம் ஒரே சாப்பாடுதான். பெரிய இரும்புச் சட்டியில் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மிளகு. கரண்டியைக் குத்தினால் நிற்கிற கெட்டிக்குக் கொதித்திருக்கும். ஒரு பெரிய கிண்ணம் நிறைய அது, தொட்டுக்கொள்ளக் கனமான ரொட்டி. படகில் இருந்து இறங்குகிறவன், கிரேன் ஓட்டுகிறவன், லாரிக்காரன், இவர்கள்தான் வருகிறவர்கள். வயிறு நிறைய வேண்டும், உடம்பு சூடாக வேண்டும், வேறொன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் மெனு அட்டை கேட்டதற்கு, சட்டியை எட்டிப் பாருங்க சார், அதுதான் மெனு என்று சொல்லிவிட்டார் மெக்கானிக்.

மெக்கானிக் என்றால் பரிமாறுகிறவர். படகு என்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு என்ஜின் காலில் விழுந்ததில் இருந்து நொண்டி நொண்டி என்னிடம் வேலை செய்கிறார். கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். உட்கார்ந்த ஆளுக்கு முதலில் கிண்ணம், அப்புறம்தான் பேச்சு. கடலில் நனைந்து நடுங்கி வருகிறவனிடம் என்ன வேண்டும், ஏது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டாலே மெக்கானிக்கின் கை தானாகக் கரண்டிக்குப் போய்விடும். வந்தவன் யார், எதற்கு வந்தான் என்றெல்லாம் அந்தக் கை பார்க்காது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஊரறிந்த விஷயம். அழுகின மீனை நேற்றுப் பிடித்தது என்று தலையில் கட்டப் பார்த்த வியாபாரியின் முகத்திலேயே அந்த மீனால் அறைந்திருக்கிறேன். துறைமுகத்தில் எனக்கு 'இடி' என்று பெயர். நேரில் அக்கா என்பார்கள்.

சின்னவள் என் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது இளையவள். அம்மா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மேல்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்தோம். தங்கமான மாப்பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட. சத்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டான். சின்ன அளவுகோலை எடுத்து நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே பிடித்து, கொஞ்சம் அசையாம இருங்க என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசுவான். துறைமுகத்தில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது அவன் போட்டுக்கொடுத்த கண்ணாடி. அந்த ஆள் பெண்டாட்டியை அடிக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? நானே ரொம்ப நாள் நம்பவில்லை.

ஒரு நாள் காலையில் பின்வாசலைத் திறந்தால் சின்னவள் நிற்கிறாள். ஒரு காலில்தான் செருப்பு. இடது தோள்பட்டை எலும்பு உடைந்து கை தொங்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. பிடுங்கிய இடம் புண்ணாகிக் கசிந்துகொண்டிருந்தது. கேட்க என்ன இருக்கிறது? தெரிந்த டாக்டரம்மாவை வரவழைத்துத் தோளுக்குக் கட்டுப் போட வைத்தேன். போலீஸுக்குப் போகலாம் என்றதற்கு இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். சரி, அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொன்னேன் அவளிடம்.

"இந்தக் கூரைக்குக் கீழ உன்மேல ஒரு கை படாது. நான் பாத்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் எனக்கு வேறு யோசனையே கிடையாது. அவன் கண்ணில் படாமல் அவளை வைத்திருக்க வேண்டும். அடியில்லாத நாள் என்றால் எப்படி இருக்கும் என்று அவள் உடம்புக்குப் பழக்க வேண்டும்.

நாலாம் நாளே அவன் வந்தான். உட்கார்ந்தான். மெக்கானிக் முறைப்படி கிண்ணத்தை வைத்தார். பாதி சாப்பிட்டுவிட்டு, எங்கே போனாள் என்றே தெரியவில்லை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, ஏதாவது தகவல் வந்தால் சொல்லுங்கள் அக்கா என்று கண் கலங்கினான். கட்டாயம் சொல்கிறேன் மாப்பிள்ளை என்றேன். அவன் போன பிறகு மேலே மாடியறைக்குப் போனேன். சின்னவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் குரல் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது.

மாடியறையில் ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு கிடந்தாள். இப்படியே விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பின்கட்டுச் சமையலறைக்குக் கூட்டிவந்தேன். ஒரு கைக்குக் கட்டுப் போட்டிருந்தாலும் இன்னொரு கை நன்றாகத்தானே இருக்கிறது. ஒரு வாரம் வெங்காயம் உரித்தாள். பிறகு, அக்கா, ஒரு சட்டி நான் வைக்கட்டுமா என்றாள். அவளாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வை என்றேன்.

அவள் வைக்கிற விதமே வேறு. வெங்காயத்தைச் சின்னத் தீயில் போட்டு, பொன்னிறம் தாண்டி, சிவப்பும் தாண்டி, இதோ கருகிவிட்டது என்று நாம் பதறுகிற வரைக்கும் விடுவாள். அப்புறம் சட்டியின் ஓரமாகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடியில் பிடித்ததை எல்லாம் சுரண்டிக் கலப்பாள். வேறு யாராவது என் சட்டியில் அப்படிச் செய்திருந்தால் கையை ஒடித்திருப்பேன். வாயில் வைத்துப் பார்த்தேன். லேசான கசப்பு, அதன் மேல் ஒரு இனிப்பு, அதன் மேல் மீன். நான் இருபது வருஷமாக வைக்கிற சட்டி அதன் பக்கத்தில் நோயாளிச் சாப்பாடு.

கிரேன்காரர் மூன்றாவது ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு, இத்தனை வருஷமா இந்தக் கையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே அக்கா என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையப் பெருமை. என் பழைய முறையைக் கொஞ்சம் மாற்றினேன் என்று கூசாமல் சொல்லிக்கொண்டேன். கூட்டம் கூடியது. மத்தியான வேளையில் எள் போட்டால் எள் கீழே விழாது. நான் வைத்த சட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு அவள் சட்டியை முன்னால் கொண்டுவந்து வைத்தேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெண்ணை மாடியில் ஒளித்துவைத்தேன், பின்கட்டில் ஒளித்துவைத்தேன். அவள் கைப்பக்குவத்தை எடுத்துப் பதினோரு மேசையிலும் பரப்பி வைத்தேன். ஏழு வருஷம் தினமும் அந்தக் கையால் சாப்பிட்டவன் ஒருத்தன் ஊரில் இருக்கிறான் என்பது ஒரு சமையல்காரிக்குத் தோன்ற வேண்டாமா?

அவள் வந்த பத்தொன்பதாம் நாள் மத்தியானம். காற்று பேயாக அடித்தது. படகு ஒன்றும் போகாததால் கடையில் ஆள் நிறைந்திருந்தார்கள். ஜன்னலில் தண்ணீர் வந்து அறைந்துகொண்டே இருந்தது. நான் பின்கட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றி முன்னால் எட்டிப் பார்த்தால், ஜன்னலோர மேசையில் அவன். முன்னால் கிண்ணம். மெக்கானிக் முகம் வெளிறி என்னைப் பார்த்தார். நாற்காலிச் சத்தம் கேட்டதும் கை ஊற்றிவிட்டது. ஊற்றின பிறகுதான் ஆளைப் பார்த்திருக்கிறார்.

திரும்பி, சத்தம் போடாதே, வெளியே வராதே என்று சின்னவளுக்குக் கையால் சொன்னேன். பின்வாசலில் அன்றைக்கு அலை ஏறி வந்ததால் குறுக்குக் கட்டை போட்டிருந்தோம். ஒரு கையால் அவளால் தூக்க முடியாது. நானாவது தூக்கிவிட்டிருக்கலாம். தின்றுவிட்டுப் போய்விடுவான், போன தடவை போனான் அல்லவா என்று நினைத்தேன். சிரித்த முகத்தோடு வெளியே போனேன்.

அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றான். கரண்டி அப்படியே நின்றது. இன்னொரு வாய். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு அவசரமே இல்லாமல் முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டான். ரொட்டியால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டான். நான் கல்லாப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னிக்கு யாரு வெச்சதுக்கா?" என்றான்.

"நான்தான். வேற யாரு?"

"இல்லக்கா." அதே மெதுவான குரல். "ஏழு வருஷம் சாப்பிட்ட கை. எனக்குத் தெரியாதா?"

எழுந்து நேராகப் பின்கட்டுக்கு நடந்தான். மெக்கானிக் நொண்டிக் காலோடு குறுக்கே போய் நின்றார். அவரை அவன் அடிக்கக்கூட இல்லை, கதவைத் தள்ளுவது போல நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மனுஷர் மல்லாந்து விழுந்ததில் மேசை முனையில் தலை பட்டு, நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்கியது. கிண்ணங்கள் சரிந்து உடைந்தன. சூடான குழம்பு காலில் கொட்டின ஒருத்தன் அலறினான். நான் ஓடி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் என் வாயில் இடித்துக் கீழே தள்ளினான். ஒரு பல் ஆடிப்போய் வாய் உப்புக் கரித்தது.

உள்ளே சத்தம் கேட்டது. நான் எழுந்து போவதற்குள் அவன் சின்னவளின் மிச்ச முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, ஈரத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தான். அவள் குழாயைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். விடவைக்க, கட்டுப் போட்ட தோளிலேயே முஷ்டியால் குத்துகிறான். ஒரு குத்து, ஒரு வார்த்தை. வா. வீட்டுக்கு. போலாம். குரல் மட்டும் உயரவே இல்லை.

வாசலில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். ஒருத்தன், புருஷன் பெண்டாட்டி விவகாரம், நாம் எப்படி நடுவில் போவது என்றான். அப்படிச் சொன்னவன் மூக்கில் இருந்ததும் இவன் போட்டுக்கொடுத்த கண்ணாடி. கிரேன்காரர் கையில் பாதி ரொட்டியோடு வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். இருபது வருஷம் இவர்களுக்கெல்லாம் வயிறு நிறையப் போட்டிருக்கிறேன். தூ.

நண்டு உடைக்கிற மரச்சுத்தி மேடைமேல் இருந்தது. எடுத்தேன். முடியைப் பிடித்திருந்த கையின் முழங்கையில் முழு பலத்தோடு இறக்கினேன். எலும்பு போன சத்தம் கேட்டது. கை தானாக விரிந்து முடியை விட்டது. அவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். என்னை அடிக்கக்கூட ஆள் உண்டா என்கிற பார்வை. அடுத்ததை விலாவில் கொடுத்தேன். மூச்சு அடைத்து முழங்காலில் விழுந்தான். கண்ணாடி பறந்து மீன் செதிலுக்குள் போய் விழுந்தது.

அதோடு அவன் முடிந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அதோடு அவன் முடிந்தான். ஒரு கை தொங்க, இன்னொரு கையால் தரையைத் தடவினான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

"போயிடறேன்க்கா," என்றான். "கண்ணாடி மட்டும் எடுத்துக் குடுங்க. போயிடறேன்."

"விட்டுடுக்கா," என்றாள் சின்னவள். "போகட்டும்."

நான் அந்தக் கண்ணாடியை மிதித்தேன். தடவிக்கொண்டிருந்த கையின் மேல் ஒன்று போட்டேன். ஊளையிட்டான். முழங்காலில் ஒன்று. முதுகில் ஒன்று. சின்னவள் மறுபடி சொன்னாள், போதும்க்கா, விடுக்கா என்று. எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகக் கேட்டது. அவள் எத்தனை தடவை இதையே அவனிடம் கெஞ்சியிருப்பாள் என்று நினைத்தபோது வெறி இன்னும் ஏறியது. அடிக்க அடிக்க எனக்கு இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது. கை ருசி கண்டுவிட்டது. அடுத்த அடியை அவன் தலைக்குக் குறிவைத்து ஓங்கினேன். கொன்றுவிடலாம் என்றுதான் ஓங்கினேன்.

சின்னவள் குறுக்கே வந்து விழுந்தாள். அவனைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா என்று நான் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. சுத்தி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த அவளுடைய வலது கை முன்னால் நீண்டிருந்தது. அதன் மேல் இறங்கியது.

அவள் கத்தவில்லை. மூச்சைக்கூட வெளியே விடவில்லை. உடைந்த கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முட்டியை வயிற்றோடு சேர்த்து உருண்டுகொண்டாள். எப்படிப் படுத்தால் அடுத்த அடி முதுகில் விழும், முகத்தில் விழாது என்று தெரிந்த உடம்பு அது. அப்படியே அசையாமல் கிடந்தாள். அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்து.

கிரேன்காரர் வந்து என் கையிலிருந்து சுத்தியை வாங்கினார். இழுக்கவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அவனுக்கு முழங்கை, முழங்கால், கை விரல், மூன்று விலா. பிழைத்துக்கொள்வான். மெக்கானிக்குக்கு நெற்றியில் ஏழு தையல். நடந்ததைப் பத்துப் பேர் சொல்ல, பத்தும் பத்து விதமாக இருந்தது. அவன் வந்து அடித்தான், அக்கா தடுத்தாள் என்ற அளவில் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். கடைசி அடியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. எனக்கு நல்லது செய்கிறார்களாம்.

ஆஸ்பத்திரியில் சின்னவளை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இடது கையில் பழைய கட்டு, வலது கையில் பலகை வைத்துக் கட்டின புதுக் கட்டு. நான் பக்கத்தில் நின்றேன். நர்ஸம்மா ஒரு படிவத்தோடு வந்து பேர், வயது எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, இந்தக் கை எப்படி உடைந்தது என்று கேட்டார்.

சின்னவள் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"தரையில தண்ணி கொட்டியிருந்துச்சு. நான்தான் பாக்காம வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள், தன் கவனக்குறைவை நினைத்துத் தானே வெட்கப்படுவது போல.

அவ்வளவு சரளமாக வந்தது. ஏழு வருஷத்தில் எத்தனை நர்ஸ்களிடம், எத்தனை பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தையோ. அவன் பெயர் வெளியே வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டாளோ அப்படியே என் பெயரையும் பார்த்துக்கொண்டாள். சொல்லி முடித்ததும் மெல்லத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா, உனக்குத் திருப்திதானா, கோபம் இல்லையே என்று கேட்கிற பார்வை. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. என் நெஞ்சு அங்கேயே நின்றுவிட்டால் தேவலை என்று இருந்தது.

நர்ஸம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார். பேனா நகர்வதைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடலாம். அவளே சொல்லிவிட்டாள், ஊரே சொல்லிவிட்டது, யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

"எழுதாதீங்கம்மா," என்றேன். "அவ விழல. நான் அடிச்சேன்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டார். புருஷன் வந்தான், இழுத்தான், நான் அவனைத்தான், என்று ஆரம்பித்தேன். அடித்தவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று தோன்றியது. நிறுத்திக்கொண்டேன். விடச் சொன்னாள், நான் விடவில்லை, அவ்வளவுதான் எழுதுங்கள் என்றேன்.

சின்னவள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, அந்த வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வலிக்குது வலிக்குது என்று கத்தி அழுதாள். தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டடி தள்ளி, என் இரண்டு கையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றேன்.